டேவ், பிரின்ஸ் போன்ற ஓர் ஆட்டத்தை வீட்டிலிருந்தே ஒருவர் உருவாக்க முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று பையன்கள் நெருக்கி உட்கார்ந்து, ஓர் உயிர் போனால் கீபோர்டு அடுத்தவனுக்கு என்ற ஏற்பாட்டில், 'டேஞ்சரஸ் டேவ்' ஆட்டத்தையும் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஆட்டத்தையும் ஆடியவர் அவர். இன்று கணக்கர் வேலையில் இருக்கிறார். பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும். புயல் கரையைக் கடப்பதற்குள் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து துறைமுகத்தில் இருக்கும் அப்பாவிடம் ஓடிச் சேரும் ஒரு சிறுவனைப் பற்றிய ஆட்டத்தைத் தன் மகளுக்காக உருவாக்க விரும்புகிறார். எந்த மென்பொருளில் செய்வது, தமிழ் எழுத்து வருமா, பழைய ஆட்டங்களின் படங்களை எடுத்துக்கொள்ளலாமா, எவ்வளவு காலம் பிடிக்கும் என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஆனால், 'பைகேமில் (பைத்தானில் ஆட்டம் எழுத உதவும் நிரல் தொகுப்பு) ஒரு மாதிரி செய்து பார்த்தேன். பார்ப்பதற்கு அப்படியே இருக்கிறது, ஆடினால் அப்படி இல்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியில்தான் அவருடைய உண்மையான கேள்வி இருக்கிறது. அதற்கு விடை கிடைத்தால் மற்ற நான்கும் எளிதாகிவிடும்.

நான் புதுச்சேரியில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சிறு ஆட்டங்கள் செய்வதும், கல்லூரி மாணவர்கள் செய்யும் ஆட்டங்களைத் திருத்திக் கொடுப்பதும் பல ஆண்டுப் பழக்கம். ஆட்டத்தை விற்றுச் சம்பாதிப்பது பற்றி எனக்கு அனுபவம் கிடையாது; நீங்களும் அதைக் கேட்கவில்லை.

நீங்கள் விரும்பி ஆடிய இரண்டு ஆட்டங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டேவை ஜான் ரொமேரோ 1988-இல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதினார். நாம் ஆடியது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்காக 1990-இல் வந்த வடிவம். அதில் அம்பு விசையைத் தொட்ட கணத்தில் டேவ் முழு வேகத்தில் நடப்பான், விட்ட கணத்தில் நின்றுவிடுவான். விரலுக்கும் திரைக்கும் நடுவே எதுவும் இல்லை. ஜோர்டான் மெக்னர் 1989-இல் வெளியிட்ட பிரின்ஸ் அப்படியன்று. அதில் ஓடத் தொடங்குவதற்கும், ஓட்டத்தை நிறுத்துவதற்கும், விளிம்பைப் பிடித்து ஏறுவதற்கும் முழு அசைவு ஒன்று உண்டு. அது முடியும்வரை நீங்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்தி அடிமேல் அடி வைத்துப் போனது நினைவிருக்கும். டேவில் தவறினால் விரல் பிந்திவிட்டது என்று பொருள். பிரின்ஸில் தவறினால் யோசனை பிந்திவிட்டது என்று பொருள். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் கலந்தால் இரண்டு சுவையும் கெடும். நீங்கள் அனுப்பியிருக்கும் விவரத்தின்படி, உங்கள் சிறுவனுக்கு பிரின்ஸின் நிதானமான அசைவுகளையும் டேவின் நெருக்கமான தடைகளையும் கொடுத்திருக்கிறீர்கள். ஆடும்போது ஒட்டாமல் இருப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே என்று ஓரளவு உறுதியாகச் சொல்வேன். புயலுக்கு முன் ஓடும் சிறுவன் என்பதால் டேவின் வழியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

அடுத்தது தாவல். இந்த வகை ஆட்டத்தில் எண்களால் தீர்த்துவிடக்கூடிய பெரிய சிக்கல் இதுதான், ஆனாலும் பெரும்பாலோர் கண்மதிப்பில் விட்டுவிடுகிறார்கள். ஈர்ப்பு இவ்வளவு, தாவும் வேகம் இவ்வளவு என்று ஏதோ இரண்டு எண்களை எழுதி, மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப் போவார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: எவ்வளவு உயரம் தாவ வேண்டும், உச்சியை அடைய எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று இரண்டை மட்டும் முடிவு செய்தால், பள்ளிக்கூட இயற்பியலே மீதியைக் கொடுத்துவிடும். உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு. உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தால் தொடக்க வேகம். வரைபடத்தின் கட்டம் ஒன்று 16 பிக்சல் (திரையின் மிகச் சிறிய புள்ளி) என்று வைத்து, நான்கு கட்டம் அதாவது 64 பிக்சல் உயரத்தை 0.4 நொடியில் எட்ட வேண்டும் என்றால், ஈர்ப்பு நொடிக்கு நொடி 800 பிக்சல், தொடக்க வேகம் நொடிக்கு 320 பிக்சல். சிறுவன் நொடிக்கு 120 பிக்சல் ஓடினால், மேலே 0.4, கீழே 0.4 என்று 0.8 நொடி காற்றில் இருப்பான். 96 பிக்சல், அதாவது ஆறு கட்டம் கடப்பான். ஆகவே சமதளத்தில் ஐந்து கட்டப் பள்ளம் கடினமானது, மூன்று கட்டப் பள்ளம் எளியது, ஏழு கட்டப் பள்ளம் முடியாதது. படியின் உயரத்தை முடிவு செய்த பிறகுதானே கொத்தனார் மாடிக்கு எத்தனை படி என்று கணக்குப் போடுவார். அதுபோல இந்த எண்கள் நிலைபெறும்வரை ஒரு கட்டத்தைக்கூட வரைபடத்தில் வைக்காதீர்கள். பின்னால் தாவலை மாற்றினால் எல்லாப் பள்ளங்களையும் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

இன்றைய ஆட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு சலுகைகள் உண்டு. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் பட்ட பிறகும் ஏறத்தாழ 0.1 நொடிவரை தாவ அனுமதிப்பது ஒன்று. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே தாவல் விசையை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து தரையைத் தொட்டதும் தாவ விடுவது மற்றொன்று. பழைய ஆட்டங்களின் சுவையைக் கெடுத்துவிடும் என்று இவற்றை ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். நான் சேர்க்கச் சொல்வேன். உங்கள் மகள் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்ததில்லை. 'நான் அழுத்தினேன், அது தாவவில்லை' என்று ஒருமுறை தோன்றிவிட்டால் எழுந்து போய்விடுவாள். வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் காலத்து ஆட்டங்கள் பல கணினியின் வேகத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டிருந்ததால், புதிய கணினியில் போட்டால் தலைதெறிக்க ஓடின. நீங்கள் நொடிக்கு 60 முறை என்று கணக்கீட்டை நிலைநிறுத்திவிட்டு, திரையில் வரைவதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு மானிட்டரில் சரியாக ஓடும் சிறுவன், நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் மானிட்டரில் பறப்பான். விலை குறைந்த கீபோர்டுகளில் மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் மூன்றாவது பதிவாகாமல் போவதும் உண்டு. தாவலுக்கு மேல் அம்பைத் தவிர வேறொரு விசையையும் கொடுத்துவிட்டால் பாதிப் புகார்கள் வராது.

இனி தோற்றம். டாஸ் காலத்தில் 256 நிறங்களோடு கிடைத்த புகழ்பெற்ற திரை அளவு 320 × 200 பிக்சல். பெருக்கினால் 64,000, பிக்சலுக்கு ஒரு பைட் என்ற கணக்கில், அக்காலக் கணினிகள் ஒரே துண்டாகக் கையாண்ட 64 கிலோபைட் நினைவகத்துக்குள் மொத்தத் திரையும் அடங்கிவிட்டது. ஆனால் அந்த 320 × 200 நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்த மானிட்டரில் இழுத்துக் காட்டப்பட்டதால், ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட உயரம் கூடியதாக இருந்தது. அந்தப் படங்களை இன்றைய திரையில் சதுரப் பிக்சலாகக் காட்டினால் எல்லோரும் குட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். புதிதாகச் செய்பவர் 320 × 180 வைத்துக்கொள்வது வசதி. ஆறு மடங்கு பெருக்கினால் 1920 × 1080 சரியாக வந்துவிடும், 1366 × 768 லேப்டாப்பில் நான்கு மடங்கு போட்டுச் சுற்றிலும் கறுப்பு ஓரம் விடலாம். நான்கரை மடங்கு போன்ற பின்னப் பெருக்கம் மட்டும் கூடாது. சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் தெரியும்.

குறைந்த பிக்சல் இருந்தால் பழைய ஆட்டம் போல ஆகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. அவற்றின் முகம் வந்தது தட்டுப்பாட்டிலிருந்து. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். அதில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. பிரின்ஸில் எதிரே வந்து நிற்கும் நிழல் மனிதன் பிறந்ததும் அப்படித்தான்: புதிய எதிரிக்குப் படம் வைக்க ஆப்பிள் 2 கணினியின் நினைவகத்தில் இடமில்லாததால், மெக்னர் நாயகனின் படங்களையே கணக்கு வழியில் புரட்டி ஒளிரும் உருவமாக்கினார், பிறகு கதையே அவனைச் சுற்றித் திரும்பியது. உங்களுக்கு இன்று நினைவகத் தட்டுப்பாடு கிடையாது. ஆகவே நீங்களே விதித்துக்கொள்ள வேண்டும். மொத்தம் 16 நிறம், 64 கட்டப் படங்கள், அம்புகள் போக இரண்டு விசை, ஒரு நேரத்தில் நான்கு ஒலி என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவிடுங்கள். படகுப் படத்தைக் கவிழ்த்து நிறம் மாற்றினால் குப்பத்துக் கூரையாகுமா என்று யோசிக்க வைப்பது அந்தத் தாள்தான்.

உங்கள் கதையில் நேர வரம்பு இயல்பாகவே இருக்கிறது. பிரின்ஸ் 60 நிமிடத்தில் முடிய வேண்டிய ஆட்டம் என்பதால் நீங்களும் கடிகாரம் வைத்திருக்கிறீர்கள். கடலூர்க்காரருக்குக் கடிகாரம் எதற்கு? துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைத் திரையின் மூலையில் காட்டுங்கள். 1-இல் தொடங்கி ஏறட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் காற்று கூடி, சிறுவனின் தாவல் ஒரு பக்கமாகச் சற்று இழுபடட்டும். 10 என்பது பெரும் அபாயம். 11 என்பது வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டதைக் குறிப்பது. 11 ஏறியதும் திரை அணைந்து ஆட்டம் முடிந்தால், 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயலைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. நிலைகளையும் ஊரே கொடுக்கிறது: மணல்வெளி, புனித டேவிட் கோட்டையின் இடிபாடு, படகுக்குப் படகு தாவிக் கெடிலத்தைக் கடப்பது, துறைமுகம். நான்கு போதும். டேவில் பத்து நிலைகள் இருந்தன என்பதற்காக நீங்களும் பத்து செய்ய வேண்டியதில்லை. எங்கள் புதுச்சேரியில் செய்திருந்தால் நேர்கோட்டுத் தெருக்கள் கட்டத்தாளில் அப்படியே உட்கார்ந்திருக்கும். உங்கள் ஆற்று வளைவுகளுக்குச் சாய்தளக் கட்டங்களும் தேவைப்படும், அவை சற்றுத் தொல்லை.

மென்பொருளுக்கு வருகிறேன். உண்மையான டாஸ் ஆட்டமாகவே டர்போ சி என்ற பழைய நிரலாக்க மென்பொருளில் எழுதி, டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் ஓட்டலாம். கற்றுக்கொள்ளும் இன்பத்துக்காக என்றால் நல்லது, மகளின் கையில் போய்ச் சேர வேண்டும் என்றால் வேண்டாம். பைகேம் உங்களுக்குத் தெரிந்தது என்றாலும், முடிந்த ஆட்டத்தைப் பிரவுசரிலோ போனிலோ ஓடவைக்க அதில் கூடுதல் சுற்று வேலை உண்டு. கோடோ என்ற கட்டற்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். பணம் கிடையாது, செய்த ஆட்டத்தில் யாருக்கும் பங்கு கிடையாது, அதன் நிரல்மொழி பைத்தானை ஒத்திருக்கும், விண்டோஸ், ஆண்ட்ராய்டு, பிரவுசர் எல்லாவற்றுக்கும் ஏற்றுமதி செய்யும். அதன் வசதிகளே அதன் ஆபத்தும்கூட. ஒளி, நிழல், புகை என்று எல்லாம் ஒரு சொடுக்கில் கிடைப்பதால் மேசைமேல் ஒட்டிய தாளை மறக்கத் தோன்றும். உங்களை நீங்களே கட்டுப்படுத்திக்கொள்வது கடினம் என்றால், டிக்-80 என்ற இலவசக் கற்பனைக் கணினியில் (பழைய கணினியின் கட்டுப்பாடுகளோடு நடிக்கும் மென்பொருள்) சில வாரங்கள் பழகிவிட்டு வாருங்கள். அதில் திரையே 240 × 136, நிறமே 16. மீற நினைத்தாலும் முடியாது.

தமிழ் எழுத்து பற்றி நீங்கள் பட்ட தொல்லைக்குக் காரணம் தெளிவானது. 'கொ' என்பதை, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யுனிகோடு மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்துச் சேமிக்கிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காலைப் பின்னே வைப்பது எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. பைகேமின் வழக்கமான அமைப்பில் அந்த வேலை நடக்காததால்தான் கொம்புகள் இடம் மாறி விழுந்தன. கோடோவின் 4-ஆம் பதிப்பு அதைச் சரியாகச் செய்கிறது. ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஆங்கிலத்துக்குப் போதுமான 8 × 8 பிக்சல் கட்டத்தில் 'ணை', 'ஞ', 'னூ' எதுவும் அடங்காது. உயரத்துக்கு 12 முதல் 16 பிக்சல் ஒதுக்கி, அகலத்தை எழுத்துக்கேற்ப விட்டுவிட வேண்டும். உங்கள் ஆட்டத்தில் நிலைகளின் பெயர், 'மீண்டும் ஆடு' போன்று சில சொற்களே வரும் என்பதால், எழுத்துருவைத் தேடாமல் அவற்றைப் படங்களாகக் கையாலேயே வரைந்துவிடுவது சிறந்தது. கடையின் பெயர்ப்பலகை போல ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் கிடைக்கும். நீண்ட உரையாடல் வேண்டும் என்றால் மட்டும் அதைத் தனி அடுக்கில், முழுத் திரைத் தெளிவில், வழக்கமான தமிழ் எழுத்துருவால் காட்டுங்கள்.

அசைவுக்கு மெக்னரின் வழி இன்றும் உதவும். அவர் தம் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம் பிடித்து, அதன்மேல் ஒவ்வொரு நிலையாக வரைந்தார். வெள்ளிக் கடற்கரையில் ஒரு பையனை ஓடவிட்டு நீங்கள் போனிலேயே பிடித்துவிடலாம். ஆனால் டேவின் வழியில் போவதால் ஓட்டத்துக்கு நான்கு அல்லது ஆறு படங்களுக்கு மேல் எடுக்காதீர்கள், தாவலுக்கு ஒன்றே போதும். ஒலியைப் பொறுத்தவரை, உங்கள் சென்டரில் ஸ்பீக்கர் பெட்டி இல்லாத கணினி ஒரு நேரத்தில் ஒரே ஒரு கீச்சொலியைத்தான் எழுப்பியிருக்கும். டிவி கேம் பெட்டிகளில் இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் என்று தனித்தனி ஒலித் தடங்கள், கொஞ்சம் செழிப்பு. சதுர அலையின் அகலத்தைக் குறைத்து 12.5 விழுக்காட்டில் வைத்து, சுரங்களை வழுக்கவிட்டால், நாகஸ்வரத்தின் மூக்கொலிக்குப் பக்கத்தில் போகிறது என்பது என் காதின் தீர்ப்பு. இரைச்சல் தடத்தில் தவிலை முயன்று பாருங்கள். ஃபேமிட்ராக்கர் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். சினிமாப் பாட்டை மட்டும் கீச்சொலியாக மாற்றிப் போட வேண்டாம். மெட்டுக்கும் உரிமை உண்டு.

உரிமை என்றதும் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. நான் வழக்கறிஞன் அல்லன். தொழிலில் இருப்பவன் அறிந்த அளவில் சொல்கிறேன். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் படங்களையும் இசையையும் காக்கிறது. 'ஓடு, தாவு, கோப்பையை எடுத்துக் கதவைத் திற' என்ற கருத்தை அது காப்பதில்லை. ஆகவே டேவின் படத்தை எடுக்கக் கூடாது, டேவைப் போலத் தாவலாம். எங்கே கோடு விழுகிறது என்பதில்தான் ஐயம். அமெரிக்காவில் 2012-இல் டெட்ரிஸ் ஆட்டத்தின் நகல் தொடர்பான வழக்கில், விதியை எடுத்தது தவறில்லை, தோற்றத்தை அச்சாக எடுத்தது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. இதில் வேடிக்கை, டேவே மாரியோவைப் பார்த்துப் பிறந்தவன். 1990-இல் ரொமேரோவின் சகாக்கள் ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும், மூன்றாம் மாரியோ ஆட்டத்தின் முதல் நிலையைக் கணினியில் அப்படியே ஓடவைத்து அதில் மாரியோவுக்குப் பதில் டேவை நிறுத்தி, 'காப்பிரைட் இன்ஃப்ரிஞ்மென்ட்டில் டேஞ்சரஸ் டேவ்' (பதிப்புரிமை மீறலில் டேவ்) என்று கேலியாகப் பெயரும் வைத்தார்கள். அந்த உத்தியை மாரியோவின் உரிமையாளரான நிண்டெண்டோ நிறுவனத்திடம் காட்டியும் எடுபடவில்லை. அதே நிரல் உத்தியைச் சொந்தக் கதைக்கும் சொந்தப் படங்களுக்கும் பயன்படுத்தி, அவ்வாண்டு டிசம்பரிலேயே 'கமாண்டர் கீன்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். வீட்டுக்குள் மகள் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு யாரும் தேடி வரப் போவதில்லை என்றாலும், நாளை நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும். அப்போது எல்லாவற்றையும் மாற்றி வரைய நேரிடும். இடைக்காலத்துக்குப் படம் தேவையென்றால், உரிமையைத் துறந்து வெளியிடப்பட்ட, கென்னி என்ற பெயரிலான படத் தொகுப்புகள் இருக்கின்றன.

காலக்கணக்கு என் பதிலில் மிகவும் உறுதி குறைந்த பகுதி. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கும் குடும்பஸ்தருக்கு நான்கு நிலைகள் ஓராண்டுக்குள் முடியலாம் என்பது நான் கண்டவர்களை வைத்துச் சொல்லும் கணிப்பு. பத்து நிலைகள் என்று தொடங்கியவர்களில் முடித்தவர்களை நான் கண்டதில்லை. வெறும் சதுரங்களை வைத்து, படமே இல்லாமல், மணல்வெளி நிலை ஒன்றை மட்டும் முதலில் ஆடத்தக்கதாக ஆக்குங்கள். மகளிடம் கொடுத்துவிட்டு, 'இப்படி அழுத்து' என்று சொல்லாமல் பின்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் விழுகிறாள், எந்த இடத்தில் கீபோர்டை முறைக்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து விழுந்தால் குறை வரைபடத்தில். வேறு வேறு இடங்களில் விழுந்தால் குறை தாவலில். சதுரங்களோடு அவள் இரண்டாவது முறை ஆடக் கேட்டால் படம் வரையத் தொடங்கலாம்.

மூவர் நெருக்கி உட்கார்ந்த சூழலைக் கொண்டுவர முடியுமா என்பதற்கு நிரலில் வழியில்லை. ஆனால் அதன் ஒரு பகுதியைக் கொண்டுவரலாம். ஓர் உயிர் போனதும் 'அடுத்த ஆள்' என்று திரையில் காட்டி, மூவருக்கும் தனித்தனி மதிப்பெண் வைத்து, அதே இடத்திலிருந்து தொடரவிடுங்கள். எழுதுவதற்கு அரை நாள் வேலை. முடிந்ததை, சிறு ஆட்டங்களை வெளியிடும் இட்ச் இணையதளத்தில் பிரவுசர் ஆட்டமாக இலவசமாக ஏற்றிவிட்டால், முகவரியை அனுப்பினாலே போதும். போனுக்கும் வேண்டும் என்றால், தொடுதிரையில் தாவல் பொத்தான் விரலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கூகுள் பிளேயில் வைக்கக் கணக்குத் தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர் உண்டு. கீபோர்டு வடிவம் நிலைபெற்ற பிறகு அதை யோசித்தால் போதும்.